'நோ' என்றொரு நிறுத்தம்!

லாஸ் ஏஞ்சலஸ்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மலை மேல வெள்ளை எழுத்துல நிக்கிற ஹாலிவுட் போர்டு, டிஸ்னிலேண்ட், சித்தப்பா ஃபேமிலி பல்லைக் காட்டி எடுத்துக்கிட்ட போட்டோ. ஸாரி, இந்தக் கட்டுரையில அது எதுவும் வராது. நான் உங்களைக் கூட்டிட்டுப் போகப்போறது ஒரு டவுன் பஸ்ல. ரூட் நம்பர் 2. டிக்கெட் 1.75 டாலர். யு.எஸ்.சி.ங்கிற பல்கலைக்கழகத்துப் பக்கம் கிளம்பி, யு.சி.எல்.ஏ.ங்கிற இன்னொரு பல்கலைக்கழகத்துல போய் முடியுது. ரெண்டு கேம்பஸுக்கும் ஃபுட்பால்ல ஜென்மப் பகை. நடுவுல வர்றது சன்செட் பொலிவார்டு.

'இதுல என்ன விசேஷம்?'னு கேட்கிறீங்களா? இருக்கே! நம்ம ஊர்ல 'ரூட் விடுறது', 'கடலை போடுறது', 'நூல் விடுறது', 'கரெக்ட் பண்றது'ன்னு பல பேர்ல நடக்கிற அந்தப் புனிதப் பணியை, பாடத்திட்டம் போட்டு, ஃபீஸ் வாங்கி, புத்தகம் அச்சடிச்சு உலகம் பூரா ஏற்றுமதி பண்ணின ஏரியா இந்த பஸ் போற வழியிலதான் இருக்கு. அதுக்குப் பேரு பிக்-அப் ஆர்ட்டிஸ்ட் கலாசாரம். லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போனப்ப, ஒரு நாள் முழுக்க இந்த பஸ்ல ஏறி இறங்கினேன். துணைக்கு அக்கா. மாமா மட்டும் 'கார் இருக்கும்போது பஸ்ல போறவங்களை இந்த ஊர்லயே இப்பத்தான் பார்க்கிறேன்'னு தலையில அடிச்சுக்கிட்டார்.

வாங்க, ஜன்னல் சீட் காலியா இருக்கு.

ஏறும் இடம்: யு.எஸ்.சி.

செங்கல் நிறக் கட்டடங்கள், சைக்கிள்கள், கையில காபியோட ஓடுற பசங்க. பக்கத்துலயே 1932, 1984 ஒலிம்பிக் நடந்த பிரமாண்ட ஸ்டேடியம். நம்ம விஷயத்துக்கும் இந்த கேம்பஸுக்கும் ஒரு கனெக்‌ஷன் உண்டு. 2012-ல டிண்டர் ஆப் வந்தப்ப, அது முதல்ல பரவின இடங்கள்ல இதுவும் ஒண்ணு. ஊரைப் பிடிக்கணும்னா முதல்ல காலேஜைப் பிடிக்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. காலேஜ் பசங்கதானே எப்பவும் 'ஆரம்பிக்கிறது எப்படி?'ன்னு தவிச்சுக்கிட்டு இருக்கிற கூட்டம்!

பஸ் வடக்கே திரும்பி அல்வராடோ தெருவுல போகுது. பிளாட்பாரம் முழுக்க கடை. மாங்காயை வெட்டி மிளகாய்த்தூள் தூவிக் கொடுக்கிறாங்க. மெரினாவான்னு ஒரு செகண்ட் சந்தேகம் வந்துடும். பஸ்ல பெரும்பாலும் ஸ்பானிஷ்தான் கேட்குது. வேலைக்குப் போற அம்மாக்கள், சமையல்காரர்கள், ஸ்கூல் பசங்க. சினிமாவுல பார்த்த லாஸ் ஏஞ்சலஸ் இன்னும் வரலை. எக்கோ பார்க் தாண்டி சன்செட் சாலையைப் பிடிச்சதும் ஊர் மெல்ல மெல்ல மேக்கப் போட ஆரம்பிக்குது.

லாரல் கேன்யன்: மலைக்கு அந்தப் பக்கம்

ஹாலிவுட் ஹைஸ்கூல், கிதார் கடைன்னு ஒவ்வொண்ணா கடந்து போனா, வலது பக்கம் ஒரு சாலை மலை மேல ஏறுது. அதுதான் லாரல் கேன்யன். மலையைத் தாண்டினா சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு. 1999-ல பால் தாமஸ் ஆண்டர்சன் எடுத்த 'மக்னோலியா' படம் நடக்கிறது அங்கேதான். அதுல டாம் க்ரூஸ், மேடையில நின்னுக்கிட்டு ஆண்களுக்குப் 'பெண்ணை மடக்குவது எப்படி'ன்னு வெறித்தனமா வகுப்பு எடுப்பார். பலர் அதைக் கற்பனைன்னு நினைச்சாங்க. ஆனா அந்த கேரக்டருக்கு ஒரு நிஜ மனிதர் தூண்டுதல். பேர் ராஸ் ஜெஃப்ரீஸ். இதே லாஸ் ஏஞ்சலஸ்காரர். பேச்சுலயே ஒருத்தரைக் கிட்டத்தட்ட ஹிப்னாடிஸம் பண்ணிடலாம்னு சொல்லி, 1990-கள்லயே வகுப்பு நடத்தினவர்.

அதுக்கும் முன்னாடி, 1970-லயே நியூயார்க்ல எரிக் வெபர்ங்கிற விளம்பரத்துறை ஆள் 'பெண்களைப் பிக்-அப் செய்வது எப்படி'ன்னு புத்தகமே போட்டுட்டார். இன்னும் பின்னாடி போனா, 2000 வருஷத்துக்கு முன்னாடி ரோம்ல ஓவிட்ங்கிற கவிஞர், தியேட்டர்ல எங்க உட்காரணும், பந்தய மைதானத்துல பக்கத்து சீட்டுப் பெண்கிட்ட எப்படிப் பேச்சு கொடுக்கணும்னு கவிதையாவே எழுதி வெச்சிருக்கார். அகஸ்டஸ் சக்கரவர்த்தி அவரை கி.பி. 8-ல கருங்கடல் ஓரத்துக்கு நாடு கடத்திட்டார். காரணம் ஒரு கவிதையும் ஒரு தவறும்னு ஓவிட்டே எழுதியிருக்கார். ஆக, இந்தத் தொழில் ரொம்பப் பழசு, ரிஸ்க்கும் பழசு!

சன்செட் ஸ்ட்ரிப்: தொப்பிக்காரரின் பாடசாலை

இறங்குங்க, இறங்குங்க. இதுதான் ஸ்ட்ரிப். வெஸ்ட் ஹாலிவுட்ல சுமார் ரெண்டரை கிலோமீட்டர் நீளத் துண்டு. மலைச்சரிவுல கோட்டை மாதிரி நிக்கிறது 1929-ல கட்டின ஷட்டோ மார்மான்ட் ஹோட்டல். 1964-ல திறந்த 'விஸ்கி எ கோ கோ' கிளப், 1972-லிருந்து இருக்கிற காமெடி ஸ்டோர்னு வரிசையா புகழ்பெற்ற வாசல்கள். தலைக்கு மேல கட்டட சைஸ் விளம்பரங்கள். பகல்ல பார்த்தா 'இதுக்கா இவ்வளவு பில்டப்?'னு தோணும். தூங்கி எழுந்து முகம் கழுவாத மாதிரி இருக்கு தெரு. ராத்திரிதான் இதுக்கு விடியல்.

2000-களின் ஆரம்பத்துல இந்தத் தெரு கிளப்புகளுக்கு ஒரு வித்தியாசமான கூட்டம் வர ஆரம்பிச்சது. ஒருத்தர் தலையில பஞ்சு பஞ்சா பெரிய தொப்பி, நெத்தியில விமானி கண்ணாடி, உயரமான பூட்ஸ். கனடாவோட டொரன்டோவுலேர்ந்து வந்த மேஜிக்காரர். சொந்தப் பேரு எரிக் வான் மார்கோவிக், தொழில் பேரு மிஸ்டரி. அவர்கிட்ட 500 டாலர் கவர்ல போட்டுக் கொடுத்து மாணவரா சேர்ந்தவர் நீல் ஸ்ட்ராஸ். 'நியூயார்க் டைம்ஸ்', 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகைகளுக்கு எழுதின நிருபர். தலையில முடி குறைவு, உயரம் குறைவு, தன்னம்பிக்கை அதைவிடக் குறைவு. தலையை மழிச்சு, டிரெஸ்ஸை மாத்தி, 'ஸ்டைல்'னு புதுப் பேரு வெச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் அந்த உலகத்துக்குள்ளயே வாழ்ந்தார். 2005-ல அந்தக் கதையை 'தி கேம்'னு புத்தகமா போட்டார். கறுப்புத் தோல் மாதிரி அட்டை, தங்க விளிம்பு, நடுவுல சிவப்பு ரிப்பன். பார்க்க பைபிள் மாதிரியே! அட்டையிலயே ஆரம்பிச்சுட்டாங்க குசும்பை.

சிலபஸ் என்னன்னு கேட்டா அசந்துடுவீங்க. ஒரு பெண்ணைப் பார்த்த மூணு செகண்டுக்குள்ள போய்ப் பேசிடணும், யோசிச்சா பயம் வந்துடும். இது மூணு செகண்ட் விதி. தனியாத் தெரியற மாதிரி உடுத்தணும். அதுக்கு மயில் பேரு, 'பீகாக்கிங்'. பேச்சை ஆரம்பிக்க மனப்பாடம் பண்ணின ஒரு கேள்வி, அதுக்கு 'ஓப்பனர்'. அப்புறம் வர்றதுதான் ஹைலைட். பாராட்டற மாதிரி ஒரு குத்து. அதுக்குப் பேரு 'நெக்'. நம்ம ஊர்ல சொன்னா, 'சுடிதார் சூப்பர்ங்க, உங்க பாட்டி செலக்‌ஷனா?' அவ்வளவுதான். அவ நம்பிக்கை கொஞ்சம் ஆடணும், உங்க அங்கீகாரத்தைத் தேடணும். இதுதான் ஃபார்முலா.

நான் இ.சி.இ. மூணாவது வருஷம். இந்த சிலபஸைப் பார்த்ததும் என் கண்ணுக்குத் தெரிஞ்சது ஃப்ளோ சார்ட்தான். 'சிரித்தாளா? ஆம் எனில் பெட்டி 4-க்குப் போ. இல்லை எனில் பெட்டி 2-க்குத் திரும்பு.' அந்தப் பக்கம் நிக்கிறது ஒரு மனுஷிங்கிறதுக்கு எந்தப் பெட்டியிலயும் இடமில்லை.

மலை மேல ஒரு வீடு

ஸ்ட்ரிப்புக்கு மேல மலைப் பக்கம் பாருங்க. அந்த மாளிகைகள்ல ஒண்ணுலதான் ஸ்ட்ராஸும் மிஸ்டரியும் இன்னும் சிலரும் சேர்ந்து குடியிருந்தாங்க. 'ப்ராஜெக்ட் ஹாலிவுட்'னு பேரு. உலகத்துலயே பெண்களைப் பற்றி அதிகம் 'தெரிஞ்ச' ஆண்கள் ஒரே கூரைக்கு அடியில. சொர்க்கம் மாதிரி இருந்திருக்கணும் இல்லையா? அதான் இல்லை! புத்தகமே அந்த வீடு நாறிப்போய்க் கிடக்கிற காட்சியோடதான் ஆரம்பிக்குது. மிஸ்டரி மனசு உடைஞ்சு, உயிரை விட்டுடலாமான்னு அழுதுக்கிட்டு இருக்கார். வீட்டுக்குள்ள சண்டை, கோஷ்டி, மாணவர்களைப் பிடிக்கிறதுல வியாபாரப் போட்டி. கடைசியில எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் சிதறிப் போனாங்க.

இன்னொரு காமெடி. ஸ்ட்ராஸ் நிஜமா மனசைப் பறிகொடுத்தது கோர்ட்னி லவ் இசைக்குழுவுல கிதார் வாசிச்ச ஒரு பெண்கிட்ட. அவங்ககிட்ட இந்த வித்தை ஒண்ணுகூட வேலை செய்யலை. 2015-ல அவரே 'தி ட்ரூத்'னு இன்னொரு புத்தகம் எழுதினார். உறவுகள்ல தான் எப்படிச் சொதப்பினோம், அதுக்காக எப்படிச் சிகிச்சைக்குப் போனோம்ங்கிறதுதான் கதை. முதல் புத்தகம் வாங்கின எத்தனை பேர் ரெண்டாவதையும் வாங்கியிருப்பாங்க?

ஆனா ஒரு விஷயம். இந்தக் கூட்டத்தைப் பார்த்து கெக்கெபிக்கேன்னு சிரிச்சுட்டுப் போயிட முடியலை. ஏன்னா அந்த வகுப்புகளுக்குப் பணம் கட்டினவங்கள்ல நிறைய பேர் வில்லன்கள் இல்லை. கூச்ச சுபாவிகள். கம்ப்யூட்டர் முன்னாடி வாழ்ந்தவங்க. 'ஹாய்' சொல்லவே கை நடுங்கினவங்க.

எங்க கிளாஸ்லயும் ஒருத்தன் இருக்கான். பேரு வேண்டாம், பாவம். ஒரு நாள் காலையில என்கிட்ட வந்து, 'என்ன, இன்னிக்குத் தூங்கி எழுந்து அப்படியே வந்துட்டியா?'ன்னான். இத்தனைக்கும் ரெண்டு வருஷத்துல அவன் என்கிட்ட பேசின முதல் வாக்கியம் அது! நான் முறைச்சதும் முகம் செத்துப்போச்சு. 'இல்ல... ஹாஸ்டல்ல ஒரு பி.டி.எஃப். ஓடுது. அதுல இப்படித்தான் ஆரம்பிக்கணும்னு போட்டிருந்துச்சு'ன்னு உளறிட்டான். ஸ்கூல் பூரா பாய்ஸ் ஸ்கூல். காலேஜ்ல வராண்டாவுல ஒரு பையனும் பொண்ணும் நின்னு பேசினா ஐ.டி. கார்டைப் பிடுங்கிடுவாங்க. பஸ்ல அவங்க ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். இருபது வருஷம் பேசவே விடாம வளர்த்துட்டு, 'பேசத் தெரியலையே'ன்னா எப்படி? பேச்சுக்கு ரேஷன் போட்ட இடத்துல பிளாக் மார்க்கெட் வரத்தானே செய்யும்? அந்த பிளாக் மார்க்கெட் சரக்குதான் இந்தப் புத்தகங்கள்.

புக் சூப்: ரெண்டு புத்தகம், ஒரே பூட்டு

ஸ்ட்ரிப்லயே ஒரு அழகான இடம் உண்டு. 1975-ல ஆரம்பிச்ச 'புக் சூப்' புத்தகக் கடை. கூரை வரைக்கும் புத்தகம், ஆள் நடக்க மட்டும் இடம். பாருக்கும் பாட்டுக் கிளப்புக்கும் நடுவுல இப்படி ஒரு கடை அரை நூற்றாண்டு தாக்குப்பிடிச்சிருக்குன்னா அந்தத் தெருவுக்கு ஒரு சல்யூட் அடிக்கலாம். சுவாரஸ்யம் என்னன்னா, டிண்டர் பிறந்ததும் இதே வெஸ்ட் ஹாலிவுட்லதான். பல வருஷம் அதோட ஆபீஸ் இதே சன்செட் சாலையில இருந்தது. 'தி கேம்' ஆட்கள் கிளப் கிளப்பா அலைஞ்ச தெருவிலேயே, 'எதுக்கு அலையறே, விரலால தள்ளு'ன்னு சொன்ன ஆப் குடி வந்துடுச்சு!

டேட்டிங் அட்வைஸ்னா அது ஆண்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. எங்களுக்கும் ஒரு மூட்டை இருக்கு. 1995-ல எல்லன் ஃபைன், ஷெர்ரி ஷ்னைடர்னு ரெண்டு பெண்கள் சேர்ந்து எழுதின 'தி ரூல்ஸ்' அமெரிக்காவையே கலக்கின புத்தகம். மொத்தம் 35 விதிகள். அவனுக்கு நீயா போன் பண்ணாதே. சனிக்கிழமை வெளியே போகணும்னு புதன்கிழமைக்கு அப்புறம் கூப்பிட்டா, உனக்கு வேலையே இல்லேன்னாலும் ஒத்துக்காதே. சுருக்கமா சொன்னா, பிடிச்சிருந்தாலும் பிடிக்காத மாதிரி நடி. துரத்தட்டும்!

இப்போ இந்த ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. பெண்ணுக்கான புத்தகம், 'பிடிச்சிருந்தாலும் வேண்டாம்னு காட்டு'ங்குது. ஆணுக்கான பிக்-அப் பாடம், 'அவ வேண்டாம்னு சொன்னா நம்பாதே, அது சும்மா ஒரு டெஸ்ட்'ங்குது. பிக்-அப் அகராதியில 'கடைசி நிமிட எதிர்ப்பு'ன்னே ஒரு வார்த்தை இருக்கு. அவ மறுக்கிறதை, வழியில வர்ற ஸ்பீட் பிரேக்கர் மாதிரி எப்படித் தாண்டறதுங்கிறதுதான் அதுல பாடம். ரெண்டு புத்தகமும் சேர்ந்து ஒரு வார்த்தையைக் கொன்னுடுச்சு. 'நோ'ங்கிற வார்த்தை. நிஜமாவே வேண்டாம்னு சொல்ற பெண்ணுக்குச் சொல்ல வேற வார்த்தையே மிச்சமில்லை.

நம்ம ஊருக்கு இந்தப் புத்தகங்கள் வர்றதுக்கு முன்னாடியே நாம இதே பாடத்தை டூரிங் டாக்கீஸ்லயே படிச்சுட்டோம். ஹீரோயின் முறைப்பாள், திட்டுவாள், செருப்பைக் காட்டுவாள். ஹீரோ விடாம பின்னாடியே போவார். இடைவேளைக்கு அப்புறம் டூயட். நிஜத்துல என்ன நடந்தது? 1998-ல சென்னையில ஒரு கல்லூரி மாணவி ஈவ்-டீசிங்கால உயிரையே விட்டார். அதுக்கு அப்புறம்தான் தமிழ்நாட்டுல ஈவ்-டீசிங் தடைச் சட்டமே வந்தது. இன்னிக்கும் என் ஃப்ரெண்ட் ஒருத்தி, மூணு மாசம் பின்னாடியே வந்த ஒருத்தனுக்காக, ஏழரை மணி பஸ்ஸை விட்டுட்டு ஆறேகால் பஸ்ல போறா. அவன் அதைக் காதல்னு நினைச்சுக்கிட்டு இருக்கான். இவளுக்கு தினமும் ஒண்ணே கால் மணி நேரத் தூக்கம் போச்சு. 'கரெக்ட் பண்றது'ங்கிறோமே, அவகிட்ட என்னப்பா தப்பு இருந்துச்சு கரெக்ட் பண்றதுக்கு?

புக் சூப்ல வெச்சு அக்கா ஒரு கதை சொன்னா. அமெரிக்கா வந்த புதுசுல, ஒரு காபிக் கடையில முன்பின் தெரியாத ஒருத்தர் வந்து, 'உங்ககிட்ட கொஞ்ச நேரம் பேசலாமா?'ன்னு கேட்டிருக்கார். அக்காவுக்கு வெலவெலத்துப் போச்சு. 'வேண்டாமே'ன்னா. அவர், 'ஓ.கே., நல்ல நாளா இருக்கட்டும்'னு சொல்லிட்டுப் போயே போயிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கலை. 'அன்னிக்குத்தான்டி எனக்குத் தெரிஞ்சுது. பயம் அவன் வந்து பேசினதுல இல்ல. வேண்டாம்னா போயிடுவானா மாட்டானாங்கிறதுலதான் இருக்கு'ன்னா அக்கா. அஞ்சு நிமிஷத்துல ஒரு புத்தகத்தையே சொல்லிட்டா!

நம்ம ஊர் வேர், அமெரிக்கக் கிளை

அட்வைஸ் புத்தகம்னா எல்லாமே குப்பையா? இல்லைங்க. 2015-ல வந்த 'மாடர்ன் ரொமான்ஸ்' புத்தகத்தைப் புரட்டிப் பாருங்க. எழுதினது அஸீஸ் அன்சாரி. பெரிய காமெடியன். அப்பா, அம்மா ரெண்டு பேரும் தமிழ்நாட்டுலேர்ந்து அங்கே போனவங்க. ஜோக் மட்டும் போதும்னு விடாம, எரிக் க்ளைனன்பெர்க்ங்கிற சமூகவியல் பேராசிரியரைக் கூட்டு சேர்த்துக்கிட்டு, லாஸ் ஏஞ்சலஸ், டோக்கியோ, பாரிஸ்னு பல ஊர்கள்ல ஆட்களை உட்காரவெச்சுப் பேசி எழுதினார். 'இப்படி மடக்கு, அப்படி மடக்கு'ன்னு சொல்லாம, 'இன்னிக்கு மனுஷங்க துணை தேடறது எப்படி மாறியிருக்கு?'ன்னு கேட்ட புத்தகம். தன் அப்பா, அம்மா அரைமணி நேரம் பேசிட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்ட கதையும் அதுல உண்டு. நம்ம வீட்டுக் கதையேதான்.

ஆனா கதை அங்கே முடியலை. 2018 ஜனவரியில ஒரு பெண், தன் பேரைச் சொல்லாம ஒரு விஷயத்தை வெளியிட்டார். அன்சாரியோட வெளியே போன ஒரு ராத்திரியில, தன்னோட தயக்கத்தை அவர் கவனிக்கவே இல்லைன்னு. ரெண்டு பேர் சம்மதத்தோடதான் நடந்ததுன்னு தான் நினைச்சதா அன்சாரி பதில் சொன்னார். எது எப்படின்னு தீர்ப்பு சொல்ல நாம யாரு? ஆனா மண்டையில ஒரு குட்டு விழுது. உறவுகளைப் பற்றி ஊர் ஊரா ஆராய்ச்சி பண்ணினவருக்கே, எதிர்ல இருக்கிறவங்க மனசைப் படிக்கிறதுல இப்படி ஒரு கேள்வி எழுந்தா, பி.டி.எஃப். படிச்சு எல்லாம் தெரிஞ்சுடும்னு நினைக்கிற நாம எந்த மூலைக்கு?

எங்க கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல முதல் பாடமே ஓப்பன் லூப், க்ளோஸ்டு லூப்தான். ஓப்பன் லூப்னா, என்ன விளைவு வருதுன்னு பார்க்காம ஓடிக்கிட்டே இருக்கிற மெஷின். டைமர் வெச்ச டோஸ்டர் மாதிரி. பிரெட் கருகினாலும் அதுக்குத் தெரியாது. க்ளோஸ்டு லூப்னா, வெளியே வர்றதைக் கவனிச்சுத் தன்னையே மாத்திக்கிற மெஷின். பிக்-அப் வித்தை பூராவும் டோஸ்டர்தான். அவ முகம் சுருங்கறது, கண் கடிகாரத்துக்குப் போறது, பதில் ஒரு வார்த்தையில முடியறது எல்லாமே ஃபீட்பேக். அதையெல்லாம் 'தாண்ட வேண்டிய தடை'ன்னு எழுதி வெச்சவன் சென்சார் வயரையே பிடுங்கிட்டான்.

கடைசி நிறுத்தம்: யு.சி.எல்.ஏ.

மறுபடி பஸ் ஏறுங்க. டோஹெனி சாலையைத் தாண்டினதும் யாரோ ஸ்விட்சை மாத்தின மாதிரி இருக்கும். விளம்பரம் மறைஞ்சு மரங்கள் வருது. பெவர்லி ஹில்ஸ். வேலிக்குப் பின்னால என்ன இருக்குன்னே தெரியாத வீடுகள். 1912-லிருந்து இருக்கிற இளஞ்சிவப்பு நிற பெவர்லி ஹில்ஸ் ஹோட்டல். வளைஞ்சு வளைஞ்சு போய், பஸ் வெஸ்ட்வுட்ல நம்மை இறக்கிவிடுது. யு.சி.எல்.ஏ.! ரெண்டு கோபுரத்தோட ராய்ஸ் ஹால், எதிர்ல நூலகம், நடுவுல புல்வெளி. புல்வெளியில பையன்களும் பொண்ணுங்களும் கும்பல் கும்பலா உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதறாங்க. யாரும் யாரையும் 'பிக்-அப்' பண்ணின மாதிரி தெரியலை. ஒருத்தி கால்குலேட்டரை ஒருத்தன் பிடுங்கறான், அவ பேனாவால குத்தறா. பேசிப் பழகறதுன்னா இவ்வளவுதானான்னு ஏக்கமா இருந்துச்சு.

சிரிப்பை ஒரு நிமிஷம் ஓரமா வைங்க. இங்கேயிருந்து சுமார் 150 கி.மீ. வடமேற்கே, கடலோரமா, இதே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான்டா பார்பரா கேம்பஸ் இருக்கு. அதை ஒட்டி ஐலா விஸ்டான்னு ஒரு மாணவர் குடியிருப்பு. 2014 மே 23-ம் தேதி ராத்திரி, 22 வயசு இளைஞன் ஒருத்தன் அங்கே ஆறு பேரைக் கொன்னுட்டு, தானும் செத்தான். ஆறு பேரும் அந்த கேம்பஸ் மாணவர்கள். நாலு பையன்கள், ரெண்டு பெண்கள். 14 பேருக்குக் காயம். எந்தப் பெண்ணும் தன்னை விரும்பலைங்கிற ஆத்திரத்தை வீடியோவாவும், பக்கம் பக்கமாவும் விட்டுட்டுப் போயிருந்தான். பிக்-அப் பாடங்கள் தங்களை ஏமாத்திடுச்சுன்னு கொந்தளிக்கிறவங்க கூட்டத்துல அவன் புழங்கினவன்.

ஒரு புத்தகம் ஆளைக் கொல்லாது. அவனுக்கு வேற பல சிக்கல்களும் இருந்தது. இந்தப் புத்தகம் படிக்கிறவன் எல்லாம் அப்படி ஆயிடுவான்னு சொன்னா அது அபாண்டம். ஆனா 'சரியான பட்டனை அழுத்தினா பெண் கிடைப்பாள்'னு நம்ப வெச்சா, அழுத்தியும் கிடைக்காதப்ப அவனுக்குக் கோபம் பட்டன் மேல வராது. பெண் மேலதான் வரும். அது எங்க வயித்துல புளியைக் கரைக்குது மக்களே.

அதே 2014-ல ரெண்டு விஷயம் நடந்தது. ப்ராஜெக்ட் ஹாலிவுட் வீட்டு ஆட்கள் ஆரம்பிச்ச பயிற்சி நிறுவனத்தோட ஜூலியன் பிளாங்க்ங்கிற ஆசாமி, டோக்கியோ தெருக்கள்ல பெண்களோட தலையைப் பிடிச்சு இழுக்கிற வீடியோவைப் போட்டு 'பாடம்' நடத்தினார். நவம்பர்ல ஆஸ்திரேலியா அவர் விசாவை ரத்து செஞ்சது, பிரிட்டன் உள்ளேயே விடலை. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, செப்டம்பர்ல, கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. அரசு உதவி வாங்கற கல்லூரிகள்ல பாலியல் புகார் வந்தா, 'அவ எதிர்க்கலையே'ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. மௌனம் சம்மதம் இல்லை. தெளிவான 'சரி'தான் சம்மதம். புதுசா சேர்ற மாணவர்களுக்கு ஓரியன்டேஷன்லயே இதைச் சொல்லிக் கொடுக்கணும். 'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி'ன்னு பழமொழி சொல்லி வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் ஷாக்காத்தான் இருக்கும். நல்ல ஷாக்.

நம்ம ஓரியன்டேஷன்ல என்ன சொன்னாங்க? 'பையன் பொண்ணுகிட்ட பேசக்கூடாது.' முடிஞ்சது. எப்படிப் பேசணும், எப்போ நிறுத்தணும்னு ஒரு வார்த்தை கிடையாது. பேசாம இருக்கச் சொல்றது ஒரு பக்கம், மடக்கச் சொல்றது இன்னொரு பக்கம். நடுவுல சாதாரணமா ஃப்ரெண்டா இருக்கிறதுக்கு யாரும் புத்தகம் போடலை.

சரி, பசங்களுக்கு ஒரு வார்த்தை. தைரியமா வந்து பேசுங்க. அந்தப் புத்தகங்கள்ல உருப்படியான ஒரே பக்கம் அதுதான். குளிச்சிட்டு வாங்க, அதுவும் நல்ல அட்வைஸ்தான். தொப்பியும் வேண்டாம், நெக்கும் வேண்டாம். லேப்ல ரீடிங் வரலைன்னு ஆரம்பிச்சாக்கூடப் போதும். தோழிகளே, நமக்கும் ஒண்ணு. பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு சொல்லுவோம். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுவோம். துரத்த வெச்சு வேடிக்கை பார்க்கிற அந்த 35 விதி நமக்கு வேண்டாம். நாம விளையாட்டுக்குச் சொல்ற ஒவ்வொரு பொய் 'நோ'வும், இன்னொருத்தி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுச் சொல்ற நிஜ 'நோ'வோட மதிப்பைக் குறைக்குது.

அந்த ஊர் பஸ்ல விசில் கிடையாது, கண்டக்டரும் கிடையாது. ஜன்னல் ஓரமா ஒரு கயிறு ஓடுது. இறங்கணும்னு நினைக்கிறவங்க அதை இழுத்தா 'டிங்'னு ஒரு சத்தம். டிரைவர் திரும்பிப் பார்த்து, 'நிஜமாவா? சும்மா சொல்றீங்களா? இன்னும் நாலு ஸ்டாப் வாங்களேன்'னு கேட்கிறதில்லை. அடுத்த நிறுத்தத்துல நிறுத்தி, கதவைத் திறந்து விடறார்.

கயிறு இழுத்தா நிறுத்தணும். இதைக் கத்துக்க 500 டாலர் ஃபீஸ் வேண்டாம் பாஸ், 1.75 போதும்!